உளவியல் சோதனைகளும் கணிப்பொறி கூறும் விளக்கமும்

ஒருவருடைய தகுதியை அளந்தறிந்து, அதற்கேற்ப அவருக்கு இடமளிக்கும் வழக்கம் புதியதன்று. திருவனந்தபுரம் நகரிலுள்ள வலியசாலை, சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இருந்த இடம் என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கென ஒரு சாலையை நிறுவியபோது, அதன் ஒழுங்குமுறைகளைக் காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றியே வகுத்தான். இலக்கணம் முதலிய துறைகளில் தேர்ச்சியும், மூன்று அரசுகளின் நடைமுறைகளில் அறிவும் உடையோரே அங்குச் சேர்க்கப்பட வேண்டும் என்று அவனுடைய செப்பேடு விதித்தது.

இன்றும் வலியசாலையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கிருந்து தம்பானூர் ரயில் நிலையம் தொலைவில் இல்லை. அக்குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ரயில்வேப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாட்டுச் சான்றிதழ் தேவைப்படலாம். மற்றொருவர் மனநல மருத்துவரை நாடலாம். இம்மூவரும் ஏதேனும் ஓர் உளவியல் சோதனைக்கு உட்பட நேரிடும். அச்சோதனையை நடத்துவதிலும், விடைகளைக் கூட்டுவதிலும், அவற்றுக்குப் பொருள் கூறுவதிலும் கணிப்பொறியின் பங்கு பெருகி வருகிறது. விடைகள் முடிந்த சில நொடிகளில் பல பக்க அறிக்கை அச்சாகி வெளிவருகிறது. அந்த அறிக்கை எந்த அளவுக்கு உண்மையானது? அதைப் பெறும் அலுவலரும், அத்துறையைப் பயிலும் மாணவரும் ஆராய வேண்டிய கேள்வி இது.

மதிப்பெண் வேறு, விளக்கம் வேறு

கணிப்பொறி செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரித்துக் காண்பது தெளிவு தரும். முதலாவது, விடைகளைத் திருத்தி மதிப்பெண்களைக் கூட்டுதல். மனிதர் கையால் கூட்டும்போது நேரும் பிழைகள் இதில் நேர்வதில்லை. இரண்டாவது, அம்மதிப்பெண்ணை ஓர் ஒப்பீட்டுக் குழுவின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, அவர் எந்நிலையில் இருக்கிறார் என்று காட்டுதல். மூன்றாவது, அந்நிலைக்குச் சொற்களால் பொருள் கூறுதல். 'இவர் எளிதில் மனம் தளர்பவர்', 'பொறுப்பு மிக்க பணிக்கு ஏற்றவர் அல்லர்' என்பன போன்ற வாக்கியங்கள் இவ்வகையின.

முதல் வேலையில் கணிப்பொறிக்கு உள்ள துல்லியத்தைக் கண்டு, மூன்றாம் வேலையிலும் அது அவ்வாறே துல்லியமானது என்று கருதுவது இயல்பு. ஆனால் அது தவறு. கூட்டல் சரியா என்பதைக் கணிதத்தால் சோதிக்கலாம். 'எளிதில் மனம் தளர்பவர்' என்பது சரியா என்பதை, அவ்வகை மதிப்பெண் பெற்ற பலருடைய வாழ்க்கையை உண்மையில் ஆராய்ந்தே சொல்ல முடியும். அவ்வாறு ஆராயப்பட்டதா என்பது கணிப்பொறியின் அச்சில் தெரிவதில்லை. நிரூபிக்கப்பட்ட வாக்கியமும், அறிக்கை எழுதியவரின் ஊகமும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியுடன் அச்சாகின்றன.

தோன்றிய விதம்

கணிப்பொறி விளக்கத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரு சோதனையைச் சுற்றி அமைந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே என்ற உளவியலாளரும் மெக்கின்லி என்ற மருத்துவரும் உருவாக்கி, 1943-இல் வெளியிட்ட ஆளுமைச் சோதனை அது. 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடையளிக்க வேண்டிய ஐந்நூறுக்கு மேற்பட்ட கூற்றுகளைக் கொண்டது. மன நோயாளிகள் மிகப் பலராகவும் உளவியலாளர் சிலராகவும் இருந்த நிலையில், அதே மாநிலத்தின் மேயோ மருத்துவமனை 1960-களின் தொடக்கத்தில் இச்சோதனைக்கு விளக்கம் கூறும் கணிப்பொறி முறையை உருவாக்கியது. 'இந்த அளவுகோலில் மதிப்பெண் இந்த எல்லையைத் தாண்டினால் இந்த வாக்கியத்தை அச்சிடுக' என்பதே அதன் அடிப்படை. பின்னர் தொடர்ச்சியான கட்டுரை வடிவில் அறிக்கை தரும் முறைகள் தோன்றின. அதன் விளைவாக இது ஒரு வணிகமாகவும் வளர்ந்தது.

இந்த வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்பது முக்கியமானது. கணிப்பொறி தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அனுபவமிக்க ஓர் உளவியலாளர், அல்லது ஒரு குழுவினர், நூலறிவையும் தம் அனுபவத்தையும் கலந்து எழுதி வைத்த வாக்கியங்களையே அது தேர்ந்து கோத்தது. ஆகவே எழுதியவரின் அறிவும், அவருடைய தவறான எண்ணங்களும் சேர்ந்தே அறிக்கையில் இடம்பெற்றன. ஒரே சோதனைக்கு விளக்கம் தரும் ஏழு கணிப்பொறி முறைகளை ஒப்பிட்டு 1991-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் துல்லியத்தில் பெரும் வேறுபாடுகள் இருப்பதைக் கண்டது. 'கணிப்பொறி கூறுகிறது' என்பதைவிட 'எந்த முறை கூறுகிறது' என்பதே பொருளுள்ள கேள்வி என்பது இதனால் புலனாகும்.

இயந்திர விதிக்கு உரிய பெருமை

இதனால் கணிப்பொறியை ஒதுக்கிவிட வேண்டும் என்று கருதலாகாது. பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் வெளியிட்ட நூலில், நிபுணரின் தனிப்பட்ட தீர்ப்பையும், புள்ளியியல் விதியின் கணிப்பையும் ஒப்பிட்டார். பெரும்பாலான நேர்வுகளில் விதி நிபுணருக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. 2000-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 136 ஆய்வுகளைத் திரட்டி, விதிமுறைக் கணிப்பு சராசரியாகச் சுமார் பத்து விழுக்காடு கூடுதல் துல்லியமுடையது என்று முடிவு கூறியது.

காரணம் எளிது. விதி களைப்படைவதில்லை, எதிரே அமர்ந்திருப்பவரின் தோற்றம், உடை, பேச்சு ஆகியவற்றால் மயங்குவதில்லை, நேற்றுக் கூறியதற்கு மாறாக இன்று கூறுவதில்லை. ஆனால் இவ்வெற்றி, பின்விளைவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட விதிகளுக்கு உரியது. அவ்வாறு சரிபார்க்கப்படாத வாக்கியங்களும் கணிப்பொறியிலிருந்து வருகின்றன என்பதால் மட்டும் அப்பெருமையில் பங்கு கேட்க இயலாது. ஜோசப் மாட்டராஸோ என்ற உளவியலாளர் 1980-களில் விடுத்த எச்சரிக்கையின் சாரமும் இதுவே. 1986-இல் அமெரிக்க உளவியல் சங்கம், கணிப்பொறிச் சோதனைகளுக்கும் அவற்றின் விளக்கங்களுக்கும் உரிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

எவருக்கும் பொருந்தும் சொற்கள்

அறிக்கையைப் படித்தவர் 'ஆம், இது என்னைப் பற்றியதே' என்று ஒப்புக்கொள்வது துல்லியத்துக்குச் சான்றாகாது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவு என்று கூறி ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளுமைக் குறிப்பை அளித்தார். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தரலாம் என்று கேட்டபோது, அவர்கள் தந்த சராசரி 4.26. உண்மையில் அனைவருக்கும் அளிக்கப்பட்டது ஒரே குறிப்பு. 1949-இல் வெளியான இச்சோதனை, எவருக்கும் பொருந்தக்கூடிய பொதுச் சொற்களைத் தமக்கே உரியனவாக மக்கள் ஏற்கின்றனர் என்பதை உணர்த்தியது. சோதிடம் கேட்டுப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. 1972-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இத்தகைய பொதுக் குறிப்புகள் உண்மையான கணிப்பொறி விளக்கங்களைவிட அதிகத் துல்லியமானவை என்றே படித்தவர்கள் மதிப்பிட்டனர்.

இந்தியாவில் இதன் தீய பயன் வெளிப்படையாகக் காணப்பட்டுள்ளது. குழந்தைகளின் விரல் ரேகைகளைப் பதிவு செய்து, கணிப்பொறியில் இட்டு, அவர்களுடைய அறிவுத்திறன், எதிர்காலப் படிப்பு ஆகியவற்றைக் கூறுவதாகச் சொல்லும் அறிக்கைகள் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் விற்கப்பட்டன. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-இல் அறிவித்தது. வண்ண வரைபடங்களும் விழுக்காடுகளும் நிறைந்த அறிக்கை, ஒரு குழந்தையின் கல்விப் பாதையை மாற்றிவிடக் கூடும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

அரிதான நிலையைத் தேடும்போது

பொதுவான சொற்களைத் தவிர்த்துக் குறிப்பான முடிவைக் கூறும் நல்ல சோதனையிலும் ஓர் இடர் உண்டு. பின்வரும் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆயிரம் பேர் கொண்ட ஒரு குழுவில் 20 பேருக்கு மட்டுமே குறிப்பிட்ட மனக்கோளாறு உள்ளது என்று வைத்துக்கொள்வோம். கோளாறு உள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் கண்டறியும் சோதனை, கோளாறு இல்லாதவரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கிறது. அப்போது உண்மையில் கோளாறு உள்ள 18 பேரும், கோளாறு இல்லாத 98 பேரும் சேர்ந்து 116 பேர் சுட்டிக்காட்டப்படுவர். அதாவது, சுட்டிக்காட்டப்பட்டவருள் உண்மையில் கோளாறு உள்ளவர் ஆறில் ஒருவருக்கும் குறைவு.

மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடையே கோளாறு மிகுதியாக இருக்கும். அங்கு இதே சோதனையின் சொல் பெரும்பாலும் மெய்யாகும். பணிக்கு விண்ணப்பித்த நலமான இளைஞரிடையே அது பெரும்பாலும் பொய்யாகும். மருத்துவமனைக்கென எழுதப்பட்ட விளக்கத்தை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தலாகாது என்று வல்லுநர் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

மொழியும் ஒப்பீட்டுக் குழுவும்

கணிப்பொறி ஒருவரை யாரோடு ஒப்பிடுகிறது என்பது அடுத்த கேள்வி. மினசோட்டா சோதனையின் முதல் ஒப்பீட்டுக் குழு, பெரும்பாலும் அங்குள்ள மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களைக் கொண்டது. 1989-இல் திருத்திய பதிப்புக்கு 2,600 அமெரிக்கர் ஒப்பீட்டுக் குழுவாயினர். அவர்களுக்கு அரிதாகத் தோன்றும் விடை, வேறு நாட்டில் இயல்பான விடையாக இருக்கலாம். கோயிற் கொடையில் சாமி வந்து ஆடுவதையும், குறி கேட்பதையும் சிறு வயது முதல் கண்டவர், தெய்வ அருளைப் பற்றிய கூற்றுக்கு 'ஆம்' என்று விடையளிப்பதில் நோய்க்குறி எதுவும் இல்லை. 'வயிறு எரிகிறது' என்று தமிழர் கூறுவது உடல் உபாதையாகவும் இருக்கலாம்; மன வேதனையாகவும் இருக்கலாம். கணிப்பொறிக்கு இவ்வேறுபாட்டை எவரேனும் கற்பித்திருந்தாலன்றி அது அறியாது.

நம் நாட்டு உளவியலாளர் இதை முன்பே உணர்ந்திருந்தனர். வி. வி. காமத், பினே சோதனையை மராத்தியும் கன்னடமும் பேசும் குழந்தைகளுக்கேற்பத் திருத்தியமைத்தார். சி. எம். பாட்டியா 1955-இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி, எழுத்தறியாத சிறுவருக்கும் பயன்படும் வண்ணம், சொற்களைவிடச் செயல்களைச் சார்ந்து அமைந்தது. இவற்றின் மதிப்பெண்களை இன்று கணிப்பொறியில் இட்டாலும், அவை எந்தக் குழந்தைகளைக் கொண்டு தரப்படுத்தப்பட்டனவோ அவர்களுக்கே முதலில் உரியன. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் வலியசாலைக் குழந்தையைச் சோதிக்கும்போது, எம்மொழியில் வினவினோம், எக்குழுவோடு ஒப்பிட்டோம் என்ற இரண்டும் அறிக்கையில் இடம்பெறுவது அவசியமாகும்.

ரயில்வேத் தேர்வு தரும் பாடம்

உதவி லோகோ பைலட் பணிக்கு நடைபெறும் கணிப்பொறிவழி உளத்திறன் சோதனை, இந்தியாவில் மிகப் பலரைத் தொடும் உளவியல் சோதனைகளுள் ஒன்று. 2018-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, இத்தொகுதியின் ஒவ்வொரு சோதனையிலும் தரப்படுத்திய மதிப்பெண் 42 பெற வேண்டும். எப்பிரிவினருக்கும் தளர்வு இல்லை. வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அமையும் என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. நினைவாற்றல், கவனம், ஆழம் உணர்தல் போன்றவற்றில் மொழியின் பங்கு குறைவு எனலாம். ஆனால் அறிவுறுத்தல்களைப் பின்பற்றும் திறனைச் சோதிக்கும்போது, அறிவுறுத்தல் எம்மொழியில் உள்ளது என்பதைப் புறக்கணிக்க இயலாது.

தரப்படுத்திய மதிப்பெண்ணில் சராசரி 50. திட்ட விலக்கம் 10. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமைந்தால், நூற்றுக்குச் சுமார் 21 பேர் 42-க்குக் கீழே வருவர். எந்தச் சோதனையும் முழு நம்பகம் உடையதன்று. ஒரு சோதனையின் நம்பகக் கெழு 0.85 என்று கொண்டால், அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 4 புள்ளிகளாகும். அந்நிலையில், 41 பெற்றவருக்கும் 43 பெற்றவருக்கும் இடையே திறனில் வேறுபாடு உண்டென்று உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் ஒருவர் தகுதி பெறுகிறார், மற்றவர் விலக்கப்படுகிறார்.

பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி எங்கேனும் ஓர் எல்லைக்கோடு வரையத்தான் வேண்டும். எல்லோருக்கும் ஒரே கோடு என்பதில் நேர்மையும் உண்டு. ஆனால் அக்கோடு நிர்வாகம் எடுத்த முடிவு. விலக்கப்பட்டவர் திறனற்றவர் என்பது கணிப்பொறி கண்டறிந்த உண்மையாகிவிடாது. 'இச்சோதனையில் வரையறுத்த மதிப்பெண்ணைப் பெறவில்லை' என்பதோடு நிற்பதே துல்லியமான விளக்கம்.

நீதிமன்றம் வரை சென்ற சோதனை

விளக்கம் எல்லை மீறினால் நேரக்கூடியதை இந்திய நீதிமன்றங்கள் கண்டுள்ளன. குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, வழக்கு நிகழ்ச்சிகளைக் கூறும் வாக்கியங்களைக் கேட்கச் செய்து, மூளையின் மின் அலைவுகளைப் பதிவு செய்யும் முறை ஒன்று நம் நாட்டில் உருவாக்கப்பட்டது. அப்பதிவை ஆராயும் கணிப்பொறி நிரல், அந்நிகழ்ச்சிகளை அவர் நேரில் அனுபவித்த நினைவு உடையவரா என்பதைக் கூறும் என்று அதை உருவாக்கியோர் வாதிட்டனர். 2008 ஜூன் மாதத்தில் புனே செஷன்ஸ் நீதிமன்றம், ஒரு கொலை வழக்கில் இச்சோதனை முடிவையும் ஆதாரங்களுள் ஒன்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஆண்டில், பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழக இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இத்தகைய மூளைச் சோதனைகளை நீதிமன்றச் சான்றாகப் பயன்படுத்தப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று கருத்துத் தெரிவித்தது.

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. உண்மை அறியும் மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவிச் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவர் விருப்பமின்றி நடத்துவது அரசியலமைப்பின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு மாறானது என்றும், அவர் இசைந்தாலும் சோதனை முடிவையே சான்றாக ஏற்க இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. மூளை அலைகளைப் பதிவு செய்ததில் கருவி பிழை செய்ததாக இங்கு எழுந்த கேள்வி அன்று. அலைகளிலிருந்து 'அனுபவம்' என்ற முடிவுக்குத் தாவிய விளக்கமே கேள்விக்குள்ளாயிற்று.

புதிய தலைமுறைக் கருவிகள்

பழைய முறைகளில் ஒரு வாக்கியம் ஏன் அச்சாயிற்று என்பதை விதியைப் பார்த்து அறிய முடிந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழிக் கருவிகள் எந்த மதிப்பெண்ணுக்கும், எம்மொழியிலும் சரளமான விளக்கம் எழுதக் கூடியன. ஆனால் குறிப்பிட்ட வாக்கியம் எந்த ஆதாரத்திலிருந்து பிறந்தது என்பதைப் பின்னோக்கிச் சென்று காண்பது அவற்றில் கடினம். நடை மேம்பட மேம்பட நம்பிக்கையும் கூடும். துல்லியம் அதனோடு சேர்ந்து கூடும் என்பதற்கு உறுதி இல்லை.

அலுவலர் கேட்க வேண்டியவை

கணிப்பொறி அறிக்கை ஒன்று மேசைக்கு வரும்போது, பின்வரும் கேள்விகளுக்கு விடை உள்ளதா என்று பார்ப்பது நலம்:

1. இச்சோதனை எந்நோக்கத்துக்கென உருவாக்கப்பட்டது? இப்போது அதே நோக்கத்துக்குத்தான் பயன்படுகிறதா?

2. ஒப்பீட்டுக் குழுவினர் யார்? சோதிக்கப்பட்டவரின் மொழி, வயது, கல்வி, வாழ்க்கைச் சூழல் ஆகியவை அக்குழுவோடு பொருந்துகின்றனவா?

3. விளக்க வாக்கியங்கள் பின்விளைவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டனவா? அச்சான்று வெளியாரும் ஆராயும் வண்ணம் வெளியிடப்பட்டுள்ளதா?

4. மதிப்பெண்ணோடு அளவீட்டுப் பிழையும் தரப்பட்டுள்ளதா? எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவருக்கு மறு சோதனை வாய்ப்பு உண்டா?

5. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் சோதிக்கப்பட்டவரை நேரில் கண்டு, அறிக்கையைப் பிற தகவல்களோடு ஒப்பிட்டுத் தம் கையொப்பத்துடன் பொறுப்பேற்றுள்ளாரா?

இவற்றுள் இறுதிக் கேள்வியே தலையாயது. கணிப்பொறி அறிக்கையை ஓர் ஆலோசனைக் குறிப்பாகக் கொள்ளலாம்; முடிவு என்று கொள்ளலாகாது. ஒருவர் வேலையிலிருந்து விலக்கப்பட்டாலோ, ஒரு குழந்தைக்குச் சலுகை மறுக்கப்பட்டாலோ, அதற்குக் காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 'கணிப்பொறி அவ்வாறு கூறிற்று' என்பது அதற்கு விடையாகாது. கூட்டலின் துல்லியத்தைக் கருவியிடம் விட்டுவிடலாம்; பொருள் கூறும் பொறுப்பும், அதற்கு விடை சொல்லும் கடமையும் மனிதரிடமே இருத்தல் வேண்டும்.